அத்தை சொன்ன மலை

மலைக்குப் போக வேண்டும் என்று யார் தொலைபேசியில் கூப்பிட்டாலும், என் தங்கை தாவெரா முதலில் கேட்பது எந்த மலை என்றுதான். எங்கள் தேசியப் பூங்காவில் மூன்று எரிமலைகள் ஒரே வரிசையில் நிற்கின்றன. வடக்கே டொங்காரிரோ, நடுவில் கூம்பாக நௌருஹோயே, தெற்கே எல்லாவற்றையும் விடப் பெரிதாக ருவாபெஹு. வெளியூர்க்காரர்களுக்கு மூன்றும் ஒன்றுதான். படத்தில் பார்த்த பச்சை ஏரிகளைக் கேட்பார்கள், அவை வடக்கில் இருக்கும். அறை எடுத்திருப்பதோ தெற்கில், எங்கள் ஒஹாகுனேயில். அதனால் அவள் அந்தக் கேள்வியைக் கேட்காமல் பேனாவைத் திறக்க மாட்டாள்.

அடுத்த கேள்வி காலணி. அதற்கடுத்து, கடைசியாக நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் நடந்தது எப்போது என்பது. சிலருக்குக் கோபம் வரும். அவள் அதைப் பொருட்படுத்துவதில்லை. பதினெட்டு ஆண்டுகளாக வடக்குப் பக்கத்து டூராங்கியில் ஒரு வண்டி நிறுவனத்தில் ஓட்டுநராக இருக்கிறாள். காலையில் நடப்பவர்களை டொங்காரிரோவின் ஒரு பக்கம் இறக்கிவிட்டு, மாலையில் மறுபக்கம் போய் ஏற்றி வருவது வேலை. ஆனால் யார் எப்போது போகலாம், யார் போகக் கூடாது என்பதெல்லாம் அவள் வாயிலிருந்துதான் வர வேண்டும். முதலாளியே அவளைக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார்.

ஒருமுறை காற்று அதிகம் என்று பயணத்தை நிறுத்தினாள். ஆக்லாந்திலிருந்து வந்திருந்த ஒருவர், தான் ராணுவத்தில் இருந்தவர் என்று சொல்லி விடாமல் வாதாடினார். அவரை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு நடைபாதை தொடங்கும் இடத்துக்கே போனாள். கதவைத் திறந்து, பத்து எண்ணும் வரை இதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நில்லுங்கள், நான் உங்களைப் போக விடுகிறேன் என்றாள். அவர் நான்கு எண்ணுவதற்குள் கதவு அவர் கையிலிருந்து போய்விட்டது. சத்தமில்லாமல் உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டாராம். இன்றும் கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறார்.

நான் அவளுக்கு ஏழு வயது மூத்தவள். பதினைந்து வயதில் பள்ளியை விட்டு கேரட் கழுவும் கொட்டகைக்கு வேலைக்குப் போனேன், இன்றும் அங்கேதான். ஓடும் பட்டையில் வரும் கேரட்டுகளில் கிளைத்தது, வெடித்தது, கறுத்தது என்று பொறுக்கி எடுப்பது என் வேலை. ஒன்றைத் தவறவிட்டால் அன்று முழுவதும் மனது கேட்காது. எங்கள் குடும்பத்தில் என்னைப்போல் இன்னொருத்தி இருக்கிறாள் என்பது தாவெராவுக்கு ஒன்பது வயதானபோது தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் எல்லோரும் ஆற்றுக்குக் குளிக்கப் போவதாக இருந்தது. அவள் ஒரு தாளில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் எழுதி, எதிரே யாருக்கு நீச்சல் தெரியும், யாருக்குத் தெரியாது, தெரியாதவனை யார் பார்த்துக்கொள்வது என்று கோடு போட்டு வைத்திருந்தாள்.

பள்ளி முடிந்ததும் பனிச்சறுக்குக் காலணி வாடகைக் கடையில் சேர்ந்தாள். தொண்ணூற்றைந்தில் ருவாபெஹு வெடித்தது. சாம்பல் எங்கள் துணிக்கொடி வரைக்கும் வந்தது. பனிச்சறுக்குக் காலம் பாதியில் நின்றது, அடுத்த ஆண்டும் அப்படியே ஆனது. கடையில் வேலை போய் வீட்டுக்கு வந்தவள் ஒரு நாள் சும்மா உட்கார்ந்திருந்தாள். மறுநாள் பேருந்து ஓட்டும் உரிமத்துக்கு விண்ணப்பம் வாங்கப் போய்விட்டாள். அப்போது ஹூரியானா அத்தை ஆஸ்திரேலியாவிலிருந்து கூப்பிட்டு, என்னிடம் வந்துவிடு, இங்கே வேலை இருக்கிறது என்றார். எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படிப் போனவர்கள்தான். தாவெரா, நீங்கள் இங்கே வாருங்கள் அத்தை, உங்களை மலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று பதில் சொன்னாள்.

ஹூரியானா அத்தை எங்கள் அப்பாவின் தங்கை. எழுபத்தெட்டில் பிரிஸ்பேனுக்குப் போனவர். நாற்பத்தொரு ஆண்டுகளில் மூன்று முறை வந்தார், மூன்றும் சாவுக்கு. மூன்று நாள் அழுது, புதைத்து, பாத்திரம் கழுவிவிட்டுத் திரும்பிப் போவார். ஒருமுறைகூட மலைக்குப் போக நேரம் இருந்ததில்லை. இந்த முறை எழுபத்தொரு வயதில், ஒரு பக்க இடுப்பு மூட்டு மாற்றி ஏழு மாதத்தில், யாரும் சாகாதபோது வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த இடுப்பையும் மாற்ற வேண்டும் என்றும், அதற்கப்புறம் விமானத்தில் இத்தனை நேரம் உட்கார்வது கடினம் என்றும் மருத்துவர் சொல்லியிருந்தார். ஐந்து நாள் பயணம். உறவினர் வீடுகள், கல்லறைகள், கூடுகைகள் எல்லாம் போக மலைக்கென்று கிடைத்தது வியாழக்கிழமை மட்டும்.

டிசம்பரில் அவர் தாவெராவைக் கூப்பிட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன். "என் கால்ல நடந்து மலைக்குப் போகணும்டி. நீதானே அந்த வேலை பாக்குற, ஏற்பாடு பண்ணு" என்றார். சரி அத்தை என்று தாவெரா அன்றே தாளை எடுத்தாள்.

இரண்டு மாதம் அந்தத் தாளோடு இருந்தாள். அத்தை அங்கே வாரத்துக்கு எத்தனை நிமிடம் நடக்க வேண்டும் என்று அட்டவணை அனுப்பினாள். காலணி வாங்கியதும் அதன் அடிப்பாகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்தாள். முழுப் பாதை அத்தைக்கு ஆகாது என்பதால் மாங்காடெபொபோ பள்ளத்தாக்கில் நுழைந்து சோடா ஊற்று வரை போய் அதே வழியில் திரும்புவது என்று முடிவு செய்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போய் ஒத்திகை பார்த்தாள். தானே கைத்தடி ஊன்றி, இடுப்பு வலிக்கிறவளைப்போல் நடந்தாள். நான் கடிகாரத்தோடு பின்னால் போனேன். வேகம் கூடினால் இடுப்பு, இடுப்பு என்று நினைவுபடுத்துவது என் வேலை. உட்காரத் தோதான பாறைகள் ஏழு. அவற்றில் மூன்றாவது ஆடுகிறது, அதனால் ஆறு. எல்லாவற்றையும் எழுதி, பெயர்களில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று நான் மூன்று முறை சரிபார்த்துக் கொடுத்தேன்.

அத்தையும் அவர் மகன் கேப்பாவும் பேரப்பிள்ளைகளும் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தார்கள். புதன்கிழமை மதியம் எங்கள் மராயெயில் எல்லோரும் கூடினோம். அது குடும்பம் முழுவதும் கூடவும் உண்ணவும் படுக்கவும் உள்ள கூடம். சாப்பாடு முடிந்து தேநீர் வந்ததும், ஆஸ்திரேலியாவில் பிறந்த பிள்ளைகளுக்கு எல்லோரையும் தெரியட்டும் என்று ஒவ்வொருவராக எழுந்து தம்மைச் சொல்ல ஆரம்பித்தார்கள். எங்களில் யாரும் எழுந்தவுடன் தன் பெயரைச் சொல்வதில்லை. முதலில் மலை, அப்புறம் ஆறு, அப்புறம் குலம், கடைசியில்தான் பெயர்.

அத்தை கைத்தடியை ஊன்றி எழுந்தார். "ருவாபெஹு என் மலை. மாங்காஃபெரோ என் ஆறு" என்று தொடங்கி முறையாகச் சொல்லி முடித்தார். பிறகு பேரப்பிள்ளைகள் பக்கம் திரும்பி, "அந்த மலைக்குத்தான் நாளைக்குத் தாவெரா என்னக் கூட்டிட்டுப் போறா. சின்ன வயசுல எங்க அப்பா தோள்ல உக்காந்து போனது. நாளைக்கு நானே நடப்பேன்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

தாவெரா தட்டவில்லை. மடித்து வைத்திருந்த தாள் அவள் மடியில் இருந்தது.

"அக்கா, நான் கேக்கல" என்றாள்.

"என்னத்த?"

"எந்த மலைன்னு."

எனக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. ஊர்பேர் தெரியாத ஆயிரம் பேரிடம் கேட்ட கேள்வியை அவள் சொந்த அத்தையிடம் கேட்கவில்லை. குடும்பத்துக்குள் யாரும் அதைக் கேட்பதில்லை, எங்களுக்கு மலை ஒன்றுதான். ஆனால் பதினெட்டு ஆண்டுகள் தினமும் காலையில் வண்டியைக் கிளப்பிய பிறகு, மலை என்று யார் சொன்னாலும் அவள் கைகள் தானாக டொங்காரிரோ பக்கம் திருப்பப் பழகியிருந்தன. அவளைச் சொல்கிறேன், நான் மட்டும் என்ன? என் சமையலறை ஜன்னலில் ருவாபெஹு நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே பாத்திரம் கழுவிவிட்டு, அவளோடு ஒரு மணி நேரம் வண்டியில் போய் வேறு மலையில் பாறைகளை எண்ணி வந்திருக்கிறேன். மூன்று முறை சரிபார்த்தவள் நான். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

இதைப் பேசாமல் விட்டுவிடலாம், எல்லாம் ஒரே பூங்காதானே, அங்கிருந்தும் ஒரு வளைவில் ருவாபெஹு தெரியுமே என்று அவள் காதில் சொன்னேன். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு மலையேற வருகிறவர்களைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். எழுந்து நேராக அத்தை முன்னால் போய் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"அத்தை, தப்பு பண்ணிட்டேன். நாளைக்கு டொங்காரிரோவுக்குன்னு ஏற்பாடு பண்ணியிருக்கேன்."

கேப்பாதான் முதலில் வாயைத் திறந்தான். "பதினெட்டு வருஷம் அந்தப் பக்கத்துத் தண்ணியக் குடிச்சா இப்படித்தான் ஆகும். இன்னும் ரெண்டு வருஷம் விட்டா எழுந்து நின்னு அவங்க ஆத்துப் பேரச் சொல்லுவா."

சிரிப்பு எழுந்தது. அத்தை சிரிக்கவில்லை. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான் மலைன்னு சொன்னேன்" என்றார்.

"ஆமா அத்தை. அப்படித்தான் சொன்னீங்க."

"வேற எத மலைம்பேன் நான்?"

"வேற எதையும் சொல்ல மாட்டீங்க. தப்பு என்னோடது. நாளைக்கு நம்ம மலைக்குத்தான் போறோம். ஏழு மணிச் சாப்பாடு வரைக்கும் எனக்கு நேரம் குடுங்க."

"குடுக்காம? இன்னிக்கு ராத்திரியே நான் ஏறிடவா போறேன்" என்றார் அத்தை. கோபம் இருந்தது. ஆனாலும் தாவெராவின் தலையில் ஒரு கை வைத்துவிட்டுத்தான் கோப்பையை எடுத்தார்.

அப்போது மணி இரண்டு இருபது. இரண்டே முக்காலுக்கு நாங்கள் இருவரும் ஒஹாகுனேயிலிருந்து மேலே போகிற மலைச்சாலையில் இருந்தோம். வைடோங்கா அருவிக்குப் போகும் பாதை அத்தையின் இடுப்புக்குச் சரியாக வரும் என்று அவள் வண்டியிலேயே முடிவு செய்திருந்தாள். காட்டுக்குள் பாதை, நடுவில் ஒரு சதுப்பு, சதுப்பின் மேல் பலகை போட்ட நடை. அங்கே நின்றால் மலை முழுவதும் எதிரில் வரும். அதைத் தாண்டிப் போனால் அருவி. மறுபடியும் கைத்தடி, மறுபடியும் நான் பின்னால் கடிகாரத்தோடு. அருவிக்கு இறங்கும் படிகளைப் பார்த்ததும் நின்றாள். இரண்டு படி இறங்கி ஏறிப் பார்த்தாள்.

"அருவி வேண்டாம். அத்தை அருவி கேக்கல" என்றாள். பலகை நடையோடு திரும்புவது என்று எழுதிக்கொண்டாள்.

வானிலைதான் இடித்தது. தெற்குக் காற்று மறுநாள் நண்பகலுக்குள் வந்துவிடும் என்று அவள் பார்த்த மூன்று முன்னறிவிப்புகளும் சொல்லின. தெற்குக் காற்று வந்தால் மேகம் முதலில் மூடுவது எங்கள் பக்கத்தைத்தான். அவள் பூங்கா அலுவலகத்தைக் கூப்பிட்டுப் பாதையின் நிலையைக் கேட்டாள். பிறகு சாலையின் உச்சியில், பனிச்சறுக்கு நிலையத்தில் கோடைப் பராமரிப்பு பார்க்கிற டாமாவைக் கூப்பிட்டு, காலையில் எத்தனை மணிக்கு அங்கே இருப்பான் என்று விசாரித்தாள். எதற்கு என்று அவன் கேட்டதற்கு, நீ அங்கே இருந்தால் போதும், போனைக் கையில் வைத்திரு என்றாள்.

ஏழு மணிக்குப் புதுத் தாளை அத்தையிடம் கொடுத்தாள். காலை ஆறரைக்குப் புறப்பாடு என்று இருந்ததைப் பார்த்து கேப்பா, ஆறரை என்றால் தங்கள் உடம்புக்கு அது விடியக்காலை மூன்றரை என்று முறையிட்டான். நீ தூங்கு, உன் இடத்தில் ஒரு தண்ணீர் கேன் வைத்துக்கொள்கிறேன் என்றாள் தாவெரா. எட்டு மணிக்கு முன்னால் அடுப்பைப் பற்றவைக்க முடியாது என்று மராயெயின் சமையல் பெண்கள் சொல்லிவிட்டதால், எண்ணெயில் பொரித்த ரொட்டியை என் வீட்டிலேயே செய்தேன். பதினான்கு பேருக்கு நாற்பத்திரண்டு துண்டு. கேப்பாவும் வந்தான்.

காட்டுப் பாதையில் அத்தை நன்றாகவே நடந்தார். வேர்கள் குறுக்கே வரும் இடங்களில் தாவெரா ஒரு அடி முன்னால் பக்கவாட்டில் நடந்தாள். கை கொடுக்கவில்லை, கை எட்டும் தூரத்தில் மட்டும் இருந்தாள். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நிமிடம் குறைவாகச் சதுப்பை அடைந்தோம். மரங்கள் விலகின. பலகை நடை முன்னால் நீண்டு கிடந்தது. அதற்கப்பால் ஒன்றுமில்லை. எல்லாம் வெள்ளை.

மேகம் நான்கு மணி நேரம் முந்தி வந்திருந்தது. தாவெரா மடக்கு நாற்காலியைப் பிரித்து அத்தையை உட்கார வைத்தாள். பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தோம். அத்தை இரண்டு கைகளையும் கைத்தடியின் மேல் வைத்து, மலை இருக்க வேண்டிய திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே வரைக்கும் வந்ததே போதும் என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. சொன்னால் எல்லோரும் ஆமாம் என்போம், அத்துடன் எல்லாம் முடிந்துவிடும்.

தாவெரா சற்றுத் தள்ளிப் போய் டாமாவைக் கூப்பிட்டாள். மேலே நல்ல வெயில், மேகம் எனக்குக் கீழேதான் கிடக்கிறது என்று அவன் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. பத்தரைக்கு மேல் உறுதி சொல்ல மாட்டேன் என்றும் சொன்னான்.

அவள் திரும்பி வந்து அத்தை முன்னால் குனிந்தாள். "அத்தை, வலி எவ்வளவு? பத்துக்குச் சொல்லுங்க."

"நாலு."

"அப்போ ஆறு. திரும்பி வண்டிக்கு நடக்க ஒரு மணி நேரம் ஆகும். அப்புறம் வண்டியில மேல போயி அங்க கொஞ்சம் நடக்கலாம். மலை மேலயே. முடியுமா, முடியாதா? என் மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லாதீங்க."

அத்தை அவள் முகத்தைப் பார்த்தார். "ஆறுதான். வா, போலாம்" என்று நாற்காலியிலிருந்து எழுந்தார்.

திரும்பும் வழியில் பாதித் தூரத்தில் ஒருமுறை உட்கார வைத்து மாத்திரை கொடுத்தாள். வண்டியில் ஏறும்போது ஒன்பதரை. சாலை மேலே போகப் போக கண்ணாடிக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. ஓரத்துக் கம்பங்களைப் பார்த்தே ஓட்டினாள். சாலை முடிவதற்குச் சற்று முன் ஒரு திருப்பத்தில் வெயில் வண்டிக்குள் விழுந்தது. மேகம் முழுவதும் கீழே இருந்தது. மேலே கறுப்பும் சிவப்புமாகக் கல், அதற்கு மேலே பனி, நீல வானம். இவ்வளவு கிட்டத்தில் நானே பார்த்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

குளிர்காலத்தில் பனிவண்டிகள் போகிற தடம் ஒன்று அங்கிருந்து மேலே ஏறுகிறது. எரிமலைக் கல் காலடியில் நொறுங்கும். அத்தை வண்டியிலிருந்து இறங்கினார். யாரிடமும் எதுவும் சொல்லாமல் அதில் நடந்தார். முதலில் எல்லோரும் பின்னால் போனோம். சிறிது தூரத்தில் தாவெரா கையைத் தாழ்த்திக் காட்டினாள், நாங்கள் நின்றுவிட்டோம். அத்தை மட்டும் போனார். ஒரு பெரிய கல்லருகே நின்று, அதில் உட்கார்ந்து, மலையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். எங்கள் மொழியில், வீட்டுக்கு வந்த ஒருத்தி பெரியவரிடம் பேசும் குரலில். சொற்கள் எங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. பெயர்கள் மட்டும் கேட்டன. அப்பாவின் பெயர் வந்தது, அம்மாவின் பெயர் வந்தது.

பத்து இருபத்தைந்துக்கு மேகத்தின் ஓரம் வண்டி நிறுத்துமிடத்துக்கு இரண்டு மூன்று திருப்பம் கீழே வரை ஏறிவிட்டது. தாவெரா மேலே நடந்தாள். நானும் போனேன். அவர் இறங்கும்போது இன்னொரு கை வேண்டும்.

"இன்னும் முடியலடி. செத்தவங்களச் சொல்லியாச்சு, இனிதான் இருக்கறவங்க" என்றார் அத்தை.

"நேரம் ஆச்சு அத்தை. மேகத்துக்குள்ள உங்கள நடத்திக் கூட்டிட்டு இறங்க மாட்டேன்."

"அஞ்சு நிமிஷம்."

"கெடையாது. மீதிய வண்டியிலேர்ந்து சொல்லுங்க. கடைசி சீட்டுல இடம் போட்டிருக்கேன், பின்கண்ணாடியத் தொடச்சு வெச்சிருக்கேன். மலை தெரியும்."

அத்தை அவளை ஒரு நொடி முறைத்தார். பிறகு என் தோளிலும் அவள் கையிலுமாகப் பிடித்து எழுந்தார். வண்டியின் கடைசி வரிசையில் குறுக்காக, காலை நீட்டிப் பின்பக்கம் பார்க்கும்படி ஒரு தலையணையும் மடித்த போர்வையும் இருந்தன. அதை அவள் எப்போது தயார் செய்தாள் என்று எனக்கே தெரியாது. தாளிலும் இல்லை.

வண்டி மெதுவாக இறங்கியது. அத்தை பின்கண்ணாடியைப் பார்த்தபடி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். கேப்பாவின் பெயர், அவன் பிள்ளைகள் ஒவ்வொருவரின் பெயர், என் பெயர். இரண்டு திருப்பம் கழிந்து மேகம் வந்தது. அதற்கு முன்பாகத் தாவெராவின் பெயரையும் சொல்லி முடித்திருந்தார். "இவளுக்கு வழி மறந்துபோச்சு, ஆனா கூட்டிட்டு வந்துட்டா" என்று மலையிடம் சொன்னது வண்டி முழுக்கக் கேட்டது. தாவெரா திரும்பிப் பார்க்கவில்லை. விளக்கைப் போட்டு, கம்பங்களைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள்.